எம்.எல்.ஏ. கட்சி மாறினால் வாக்காளர் சபாநாயகரிடம் மனு கொடுக்கலாமா?

கேள்வி: நாங்கள் ஓட்டுப் போட்டு ஜெயிக்க வைத்த எம்.எல்.ஏ., இப்போது வேறொரு கட்சியின் மேடையில் அந்தக் கட்சித் துண்டோடு உட்கார்ந்திருக்கிறார். பதவியை ராஜினாமா செய்யவில்லை. கேட்டால், "நான் கட்சியை விட்டு விலகவே இல்லையே" என்கிறார். சாதாரண வாக்காளரான நான் சபாநாயகருக்கு மனு போட முடியுமா? அவர் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டால் என்ன வழி?

பதில்: "விலகவே இல்லை" என்ற பேச்சு சட்டத்தின் முன் அவ்வளவு எளிதாக நிற்காது. 1985-ல் அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட பத்தாவது அட்டவணை, கட்சி உறுப்பினர் நிலையைத் தானாக முன்வந்து கைவிடுபவர் பதவியிழப்பார் என்கிறது. அதற்கு ராஜினாமா கடிதம் தேவையில்லை, நடத்தையே போதும் என்று ரவி நாயக் வழக்கில் 1994-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கட்சியிலிருந்து நீக்கப்பட்டவர் வேறு கட்சியில் சேர்ந்தாலும் இதே கதிதான். தமிழகத்தைச் சேர்ந்த ஜி. விஸ்வநாதன் வழக்கில் 1996-ல் வந்த தீர்ப்பு அது. ஆகவே மேடைப் பேச்சின் வீடியோ, தேதியோடு வந்த பத்திரிகைச் செய்தி, கட்சியில் சேர்ந்த படம், மாற்றுக் கட்சிக்கு ஓட்டுக் கேட்ட நோட்டீஸ் எல்லாவற்றையும் இன்றே சேர்த்து வையுங்கள். சமூக ஊடகப் பதிவுகள் சீக்கிரம் காணாமல் போகும், அவற்றை முதலில் எடுத்து வைப்பது நல்லது.

இனி மனு. கட்சித் தாவல் புகாரைச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர்தான் கொடுக்க வேண்டும் என்பதே மாநிலங்களின் விதிகளில் வழக்கமாக இருக்கும் ஏற்பாடு. ஆனால் ஒடிசாவில் உறுப்பினராக இல்லாத ஒரு கட்சித் தலைவர் கொடுத்த மனு உச்ச நீதிமன்றம் வரை போனது. அக்கறையுள்ள எவரும் மனு கொடுக்கலாம் என்று 2013-ல் தீர்ப்பானது. இதை ஆதாரமாகக் காட்டி நீங்களும் கொடுக்கலாம். என்றாலும், அவர் விட்டு வந்த கட்சியின் கொறடாவோ வேறு எம்.எல்.ஏ.வோ கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதுதான் பலமான வழி. உங்கள் ஆதாரங்களை அவர்கள் கையில் சேர்த்துவிட்டு, மனு எந்தத் தேதியில் போனது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மனுவில் சம்பவங்களைத் தேதி வாரியாக எழுதி, ஆவணங்களை இணைத்து, சொன்னவை உண்மை என்ற உறுதிமொழியும் சேர்க்க வேண்டும்.

மனு வந்த பிறகு சபாநாயகரின் வேலை மாறிவிடுகிறது. அவையில் யார் பேசலாம், எது குறிப்பிலிருந்து நீக்கப்படும் என்று முடிவு செய்பவர், இங்கே தீர்ப்பாயமாக உட்கார்கிறார். சம்பந்தப்பட்டவருக்கு நோட்டீஸ் அனுப்பி, அவர் தரப்பைக் கேட்டு, காரணம் எழுதி உத்தரவு போட வேண்டும். மேலவை உள்ள மாநிலங்களில் மேலவை உறுப்பினர்கள் விஷயத்தில் இந்தப் பொறுப்பு அதன் தலைவருக்கு. சபாநாயகரின் உத்தரவு நீதிமன்ற ஆய்வுக்கு உட்பட்டது என்று கிஹோடோ ஹொல்லோஹன் வழக்கில் 1992-ல் முடிவாகிவிட்டது. ஆனால் உத்தரவு வந்தால்தானே ஆய்வு? பத்தாவது அட்டவணையில் காலக்கெடு எதுவும் இல்லை. உண்மையான சிக்கல் இதுதான்.

நம் சட்டமன்றத்திலேயே 2017-ல் இதைப் பார்த்தோம். அந்த ஆண்டு ஆகஸ்ட் 22-ல் முதலமைச்சருக்கு ஆதரவில்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்தவர்களில் 18 பேரை, செப்டம்பர் 18-லேயே சபாநாயகர் தகுதி நீக்கம் செய்தார். ஒரு மாதம்கூட ஆகவில்லை. அதே ஆண்டு பிப்ரவரி 18-ல் நம்பிக்கை வாக்கெடுப்பில் அரசுக்கு எதிராக ஓட்டுப் போட்ட ஓ. பன்னீர்செல்வம் உள்ளிட்ட 11 பேர் மீதும் மனு இருந்தது. அதில் நோட்டீஸ் போனதாக உச்ச நீதிமன்றத்தில் சொல்லப்பட்டதே 2020-ல்தான். அந்த அவையின் காலம் முடியும்வரை அவர்களில் யாரும் தகுதி நீக்கம் ஆகவில்லை. 18 பேரின் நீக்கத்தை உயர் நீதிமன்றம் 2018 அக்டோபரில் உறுதி செய்தது. அந்த உத்தரவு சட்டப்படி சரிதான் என்று வைத்துக்கொண்டாலும், ஒரே நாற்காலியிலிருந்து இரண்டு வேகம் வந்ததை எந்த வாக்காளரும் ஏற்க முடியாது. முடிவெடுக்காமல் இருப்பதும் ஒரு முடிவுதான், அதன் பலன் யாருக்குப் போகிறது என்பது ஊருக்கே தெரியும்.

சரி, சபாநாயகர் பேசாமல் இருந்தால்? மணிப்பூர் வழக்கில் 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், அசாதாரணக் காரணம் இல்லாவிட்டால் 3 மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்றது. காங்கிரசில் ஜெயித்துவிட்டு பா.ஜ.க. அரசில் அமைச்சரான ஷியாம்குமார் மீதான மனு அது. நீதிமன்றம் கொடுத்த 4 வாரமும் தாண்டியபோது, மார்ச் மாதம் அவரை அமைச்சரவையிலிருந்தே நீக்கி, அவைக்குள் நுழையவும் தடை போட்டது. அப்புறம்தான் சபாநாயகரின் உத்தரவு வந்தது. 2025 ஜூலை 31-ல் தெலங்கானாவின் 10 எம்.எல்.ஏ.க்கள் விஷயத்திலும் 3 மாதக் கெடு விதிக்கப்பட்டது. இந்த அதிகாரம் சபாநாயகரிடமே இருக்க வேண்டுமா என்று நாடாளுமன்றம் யோசிக்க வேண்டும் என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது. தனித் தீர்ப்பாயம் வேண்டும் என்பதே என் கருத்தும்.

ஆகவே மனு கொடுத்த தேதியைக் குறித்து வையுங்கள். 3 மாதம் கழிந்தும் அசைவு இல்லையென்றால், மனு கொடுத்தவர் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். "அவரை நீக்குங்கள்" என்று கேட்பதைவிட, "குறித்த காலத்துக்குள் முடிவெடுக்கச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். நீதிமன்றம் முதலில் தரக்கூடியது அதுதான்.

ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். தகுதி நீக்கம் ஆனவர் அதே தொகுதி இடைத்தேர்தலில் நிற்கலாம். கர்நாடகத்தில் 17 எம்.எல்.ஏ.க்களை அந்த அவையின் காலம் முழுவதும் போட்டியிடவிடாமல் சபாநாயகர் போட்ட தடையை 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது, நீக்கத்தை மட்டும் உறுதி செய்தது. மறுபடி ஜெயிக்கும்வரை, அல்லது அவரது பதவிக்காலம் முடியும்வரை, அவர் அமைச்சராக முடியாது.