ஆடுகளத்தில் தனியே நிற்பவர்

கேள்வி: 2025 அமெரிக்க ஓப்பன் டென்னிஸ் போட்டியில் தோற்ற எரிச்சலில் லாத்விய வீராங்கனை ஒஸ்டாபென்கோ, தம்மை வென்ற அமெரிக்கக் கறுப்பின வீராங்கனை டெய்லர் டவுன்சென்டைப் பார்த்து ஏதோ சொல்லிவிட்டார், பிறகு மன்னிப்பும் கேட்டுவிட்டார். இதை இனவெறி என்று பெரிதாக்குவது நியாயமா? வில்லியம்ஸ் சகோதரிகள் முதல் கோகோ காஃப் வரை கறுப்பின வீராங்கனைகள் கோப்பைகளை வென்றுகொண்டுதானே இருக்கிறார்கள்? சக ஆட்டக்காரர்கள் வாய் திறக்கவில்லை என்று குறை சொல்வது ஏன்? விளையாட்டில் அரசியலைக் கலக்காமல் அவரவர் ஆட்டத்தை அவரவர் ஆடினால் போதாதா? (வாசகர், திருச்சி)

பதில்: அவர் ‘ஏதோ’ சொல்லவில்லை. டவுன்சென்ட் அடித்த பந்து வலையின் விளிம்பில் பட்டு மறுபுறம் விழுந்தபோது வழக்கப்படி கை உயர்த்தி வருத்தம் தெரிவிக்கவில்லை என்று கோபப்பட்டு, ஆட்டம் முடிந்து கைகுலுக்கும் வேளையில், உனக்குத் தரமில்லை, கல்வியில்லை என்ற பொருளில் பேசினார். அவர் மனத்தில் என்ன இருந்தது என்பதை நாம் அறிய முடியாது. தாம் இனவெறி கொண்டவர் அல்லர் என்று மறுத்திருக்கிறார், ஆங்கிலம் தம் தாய்மொழியன்று என்றும் விளக்கியிருக்கிறார். அதை ஏற்றுக்கொண்டாலும், அடிமைகள் எழுதப் படிக்கக் கற்பதைத் தென் மாநிலங்கள் பலவற்றில் சட்டம் போட்டே தடுத்திருந்த ஒரு நாட்டில், அந்த அடிமைகளின் வழிவந்த சமூகத்தைச் சேர்ந்த ஒரு பெண்ணின் முகத்துக்கு நேரே ‘கல்வியில்லை’ என்று சொல்வது என்ன வலியைத் தரும் என்பது மாறிவிடாது. வெள்ளையர் பெரும்பான்மையாக இருக்கும் ஒரு விளையாட்டில் கறுப்பின ஆட்டக்காரரிடம் சொல்லக்கூடிய மிக மோசமான சொற்களில் இதுவும் ஒன்று என்று, ஜப்பானுக்காக ஆடும் கறுப்பின வீராங்கனை நவோமி ஒசாகா விளக்கினார். அதை எடுத்துச் சொல்லும் பொறுப்பு ஏன் மறுபடியும் ஒரு கறுப்பின வீராங்கனையின் தலையிலேயே விழ வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

கோப்பை வென்றவரை அவமதிப்பு நெருங்காது என்று நீங்கள் நம்புகிறீர்கள். 2001 மார்ச்சில் கலிபோர்னியாவின் இந்தியன் வெல்ஸில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். முழங்கால் வலியால் வீனஸ் வில்லியம்ஸ் தங்கை செரீனாவுடனான அரையிறுதியிலிருந்து ஆட்டம் தொடங்கச் சில நிமிடங்களே இருக்கையில் விலகினார். சகோதரிகள் மோதும்போது யார் வெல்வது என்பதைத் தந்தையே தீர்மானிக்கிறார் என்ற வதந்தி ஏற்கெனவே உலவிக்கொண்டிருந்தது. இறுதியாட்டத்தில் பெல்ஜியத்தின் கிம் கிளைஸ்டர்ஸை எதிர்த்து ஆடிய செரீனாவுக்கு அப்போது வயது 19. அமெரிக்க ஓப்பனை 1999-லேயே வென்றவர். சொந்த நாட்டு மண்ணில் நிற்பவர். அப்படியிருந்தும் அரங்கம் அவரைத் தொடக்கத்திலிருந்தே கூச்சலிட்டு இழிவுபடுத்தியது. அவர் இரட்டைத் தவறு செய்து, அதாவது இரண்டு சர்வீஸும் தவறிப் புள்ளி இழந்தபோது கைதட்டியது. இனத்தைச் சொல்லித் திட்டியதைத் தம் காதால் கேட்டதாகத் தந்தை ரிச்சர்ட் வில்லியம்ஸ் சொன்னார். செரீனா வென்றார், ஆனால் அடுத்த 14 ஆண்டுகள் அந்தப் போட்டிக்குத் திரும்பவில்லை. வீனஸ் 2016-இல்தான் திரும்பினார். இத்தனை ஆண்டுகளில் அவர்களுக்காகத் தானும் வர மாட்டேன் என்று சொன்ன முன்னணி ஆட்டக்காரர் எனக்குத் தெரிந்து ஒருவர்கூட இல்லை. கூச்சலிட்ட கூட்டத்தைவிட இந்த மௌனமே எனக்குக் கூடுதலான வருத்தம் தருகிறது, ஏனென்றால் கூட்டம் அன்று மாலையே கலைந்துவிட்டது.

இந்த மௌனத்துக்கு விளையாட்டின் அமைப்பும் ஒரு காரணம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கால்பந்தில் ஒருவரை இழிவுபடுத்தினால் பக்கத்தில் பத்துப் பேர் நிற்கிறார்கள். முழு அணியும் களத்தை விட்டு வெளியேற முடியும். டென்னிஸில் இன்று ஆதரவாகப் பேச வேண்டியவர் நாளை எதிரில் நின்று ஆடவேண்டியவர். ஆனாலும் இது காரணம்தானே தவிர நியாயம் ஆகாது, ஏனென்றால் இதே விளையாட்டில் இதைவிடக் கடினமான காலத்தில் வாய் திறந்தவர்கள் இருந்திருக்கிறார்கள்.

1950-இல் கறுப்பின வீராங்கனை அல்தியா கிப்சனுக்கு, இன்றைய அமெரிக்க ஓப்பனின் முன்னோடியான அமெரிக்கத் தேசியப் போட்டியில் இடம் மறுக்கப்பட்டிருந்தது. அப்போது, அந்தப் பட்டத்தை நான்கு முறை வென்றிருந்த வெள்ளையரான ஆலிஸ் மார்பிள், டென்னிஸ் இதழ் ஒன்றில், இது கண்ணியவான்களின் விளையாட்டு என்றால் போலிப் புனிதர்களைப்போல நடப்பதை நிறுத்திக் கண்ணியமாக நடந்துகொள்ள வேண்டும் என்று பெயர் போட்டு எழுதினார். அந்த ஆகஸ்ட் மாதமே கிப்சன், அந்தப் போட்டி நடந்த ஃபாரஸ்ட் ஹில்ஸ் களத்தில் இறங்கினார். கிப்சனின் ஆற்றல் அதற்கு முன்பும் அங்கேதான் இருந்தது. கதவுக்கு உள்ளே இருந்த ஒருவர் பேசியதுதான் புதிது. 1956-இல் பிரெஞ்சுப் போட்டியிலும் விம்பிள்டனிலும் கிப்சனுக்கு இரட்டையர் துணையாக ஆடி வென்றவர் ஆங்கிலேய யூதரான ஏஞ்சலா பக்ஸ்டன். ஐந்து பெரிய ஒற்றையர் பட்டங்களை வென்ற கிப்சன் பிற்காலத்தில் நோயுற்று, வாடகைக்கும் மருந்துக்கும் வழியின்றித் தவித்தபோது தொலைபேசியில் அழைத்ததும் இந்தத் தோழியைத்தான். பக்ஸ்டன் தம் பணத்தைக் கொடுத்து உதவியதோடு, டென்னிஸ் உலகத்தாரிடம் நிதியும் திரட்டித் தந்தார். கோப்பைகள் காப்பாற்றும் என்று சொல்வோர் இந்த ஒரு வாழ்க்கையை மட்டும் படித்தால்கூடப் போதும்.

அரசியலைக் கலக்க வேண்டாம் என்கிறீர்கள். 2020 ஆகஸ்டில், அமெரிக்காவின் கெனோஷா நகரில் ஜேக்கப் பிளேக் என்ற கறுப்பினத்தவரைக் காவலர் சுட்டதைக் கண்டித்து ஒசாகா ஓர் அரையிறுதியிலிருந்து விலகுவதாக அறிவித்தார். அதற்குப் பிறகே அந்தப் போட்டி ஒரு நாள் நிறுத்தப்பட்டது. ஓர் ஆட்டக்காரர் தம் வாய்ப்பைப் பணயம் வைக்கும்வரை அமைப்புகள் அசைவதில்லை. அப்படிப் பணயம் வைப்பவர் ஒவ்வொரு முறையும் பாதிக்கப்பட்டவராகவே இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதைத்தான் நான் குற்றம் என்கிறேன்.

இதே டென்னிஸில், பாதிக்கப்படாதவர்கள் விலை கொடுத்த ஒரு நிகழ்வு நம் நாட்டுக்கே உரியது. நாடுகளின் அணிகள் மோதும் டேவிஸ் கோப்பையில், 1974-இல், சென்னையைச் சேர்ந்த விஜய் அமிர்தராஜும் ஆனந்த் அமிர்தராஜும் முன்னின்று ஆடிய இந்திய அணி, சோவியத் அணியை வீழ்த்தி இறுதிக்கு வந்தது. எதிரில் இருந்தது நிறவெறி ஆட்சி நடத்திய தென்னாப்பிரிக்கா. இந்தியா ஆட மறுத்தது. முடிவெடுத்தது அரசு, அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் அந்த இளைஞர்கள், விஜய்க்கு அப்போது 21 வயதுகூட நிறைந்திருக்கவில்லை. ஒரு பந்துகூட அடிக்கப்படாமல் கோப்பை தென்னாப்பிரிக்காவுக்குப் போயிற்று. இந்தியா இன்றுவரை அந்தக் கோப்பையை வென்றதில்லை. அவரவர் ஆட்டத்தை அவரவர் ஆடினால் போதும் என்று அன்று முடிவெடுத்திருந்தால், ஒருவேளை கோப்பை நம்மிடம் இருந்திருக்கும். அது வேண்டாம் என்று விட்டதற்காகவே நான் அந்த அணியை மதிக்கிறேன்.