மொழிபெயர்ப்பு பாதி ஃபைல்ல, பாதி டேட்டாபேஸ்ல: எதை எங்க மாத்தணும்?

கேள்வி: எங்க வேர்ட்பிரஸ் சைட் மூணு மொழியில ஓடுது. பட்டன், ஃபார்ம்ல வர்ற வார்த்தை எல்லாம் பி.ஓ. ஃபைல்ல (மூல வார்த்தையும் அதோட மொழிபெயர்ப்பும் ஜோடியா இருக்கற ஃபைல்) இருக்கு, விட்ஜெட் தலைப்பு, தீம் செட்டிங் எல்லாம் டேட்டாபேஸ்ல. பி.ஓ. ஃபைல்ல திருத்தினா சிலது மாறுது, சிலது மாறல. போன வாரம் ஒரு பிளகின் அப்டேட் ஆனதும் நாங்க பண்ண தமிழ் மொத்தமா போயிடுச்சு. பேசாம டேட்டாபேஸ்லயே ஃபைண்ட் ரீப்ளேஸ் பண்ணிடலாமா?

பதில்: கடைசி கேள்விக்கு முதல்ல சொல்லிடறேன், தயவுசெஞ்சு பண்ணாதீங்க. காரணம் ரெண்டு. முதலாவது, நீங்க அங்க 'ஹோம்'ஐ எடுத்துட்டு 'முகப்பு' போட்டா அது மொழிபெயர்ப்பே இல்ல, மூலத்தையே மாத்தறீங்க, இங்கிலீஷ் பக்கத்துலயும் மூணாவது மொழி பக்கத்துலயும் 'முகப்பு'ன்னுதான் வரும்.

ரெண்டாவது இன்னும் மோசம். வேர்ட்பிரஸ் விட்ஜெட், தீம் செட்டிங்கையெல்லாம் சீரியலைஸ் பண்ணி வைக்குது, அதாவது ஒவ்வொரு வார்த்தைக்கு முன்னாடியும் அது எத்தனை பைட்னு ஒரு எண் எழுதி வச்சிருக்கும். ஹோம்ங்கறது இங்கிலீஷ்ல 4 எழுத்து, 4 பைட். 'முகப்பு' கண்ணுக்கு 4 எழுத்துதான், ஆனா உகர குறி, புள்ளி எல்லாம் தனித்தனியா எண்ணினா யூனிகோடுல 7, யுடிஎஃப்-8ல (எழுத்தை பைட்டா சேமிக்கற முறை) ஒவ்வொண்ணும் 3 பைட், ஆக 21. நீங்க வார்த்தையை மட்டும் மாத்திட்டீங்க, முன்னாடி இருக்கற எண் இன்னும் 4ன்னே சொல்லுது, வேர்ட்பிரஸை ஓட்டற பிஎச்பி மொழி அதை படிக்கப் பார்த்து ஒத்து வராம அந்த செட்டிங் முழுசையும் தூக்கிப் போட்டுடும். சைட்பார்ல இருந்த விட்ஜெட் எல்லாம் ஒரே நேரத்துல காணாம போன ஒரு சைட்டை நான் சரி பண்ணியிருக்கேன், காரணம் இது ஒண்ணுதான். உண்மையிலேயே மூலத்தை மாத்த வேண்டிய தேவை வந்தா டபிள்யூபி-சிஎல்ஐல (வேர்ட்பிரஸை கட்டளை டைப் பண்ணி இயக்கற கருவி) இருக்கற சர்ச்-ரீப்ளேஸ் அந்த எண்ணையும் சேர்த்து திருத்தும், ட்ரை-ரன் (எதையும் மாத்தாம ஒத்திகை மட்டும்) போட்டு எத்தனை இடத்துல மாறுதுன்னு பார்த்துட்டு அப்புறம் ஓட்டுங்க.

சரி, ஒரு வார்த்தை எங்க இருக்குன்னு எப்படி கண்டுபிடிக்கறது? அதை யாரு எழுதினாங்கன்னு கேளுங்க, பாதி குழப்பம் அங்கயே தீரும். டெவலப்பர் கோட்ல எழுதினதுன்னா ஃபைலுக்கு போகணும். அட்மின் பக்கத்துல உட்கார்ந்து டைப் பண்ணதுன்னா டேட்டாபேஸ், அதை பாலிலாங் மாதிரி பல மொழி பிளகின்ல ஸ்ட்ரிங் டிரான்ஸ்லேஷன்னு இருக்கற இடத்துலதான் மொழிபெயர்க்கணும், பி.ஓ. ஃபைல்ல எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. ஒரே வார்த்தையை ரெண்டு இடத்துலயும் வச்சுக்கறது மட்டும் வேண்டாம், ஆறு மாசம் கழிச்சு எது ஜெயிக்குதுன்னு உங்களுக்கே தெரியாது.

அடுத்து, ஃபைல்ல திருத்தியும் மாறாதது. பி.ஓ.ங்கறது மனுசங்க படிக்கறதுக்கு, சைட் அதை படிக்கறதே இல்ல, அதை கம்பைல் பண்ணி, அதாவது கணினி படிக்கற வடிவத்துக்கு மாத்தி, கிடைக்கற எம்.ஓ. ஃபைலைத்தான் படிக்கும். வேர்ட்பிரஸ் 6.5 வந்த 2024லேர்ந்து இன்னொண்ணும் சேர்ந்திருக்கு, எல்10என்.பிஎச்பின்னு முடியற ஃபைல் பக்கத்துல இருந்தா எம்.ஓ.வை விட்டுட்டு அதைத்தான் முதல்ல எடுக்கும். அதனால எம்.ஓ. புதுசு, பிஎச்பி ஃபைல் பழசுன்னா பழசுதான் தெரியும், அதையும் திரும்ப உருவாக்கணும். அப்புறம் ஃபஸ்ஸி. டெவலப்பர் மூல வாக்கியத்துல ஒரு கமா சேர்த்தாக்கூட கெட்டெக்ஸ்ட் (இந்த ஃபைல்களை கையாளற கருவித்தொகுப்பு) பழைய மொழிபெயர்ப்பை எடுத்து 'இதுவா இருக்கலாம்'னு ஃபஸ்ஸி குறி போட்டு வைக்கும், அதோட எம்எஸ்ஜிஎஃப்எம்டி கட்டளை கம்பைல் பண்றப்போ அதையெல்லாம் சேர்க்காது. ஃபைல்ல தமிழ் இருக்கு, சைட்ல இங்கிலீஷ் வருதுன்னா முதல்ல இந்த குறியைத்தான் தேடுங்க.

இன்னொரு விசயம், கோட் எழுதறவங்க கிட்ட கட்டாயம் சொல்லுங்க. கார்ட்ல பொருளை சேர்த்ததும் வர்ற வாக்கியத்தை 'யூ ஆடட்', அப்புறம் பொருள் பேரு, அப்புறம் 'டு கார்ட்'னு மூணு துண்டா ஒட்டினா தமிழ்ல வினைச்சொல்லை கடைசியில கொண்டுபோக வழியே இல்ல. முழு வாக்கியமா ஒரே ஸ்ட்ரிங்கா கொடுத்து நடுவுல பேருக்கு இடம் விட்டாலும் வேற்றுமை உருபு வந்து நிக்கும், இடத்துக்கு பக்கத்துல 'ஐ' போட்டு வச்சா 'புத்தகம்ஐ'ன்னு வரும், புத்தகத்தைன்னு மாறாது. அதனால 'கார்ட்ல சேர்ந்தது: புத்தகம்'னு பேரை எழுவாயாவே விட்டுடற மாதிரி எழுதறதுதான் எனக்கு தெரிஞ்சு நல்ல வழி. அதே மாதிரி ஆர்டர்ங்கற ஒத்தை வார்த்தை வாங்கறதா, வரிசையான்னு மொழிபெயர்க்கறவருக்கு எப்படி தெரியும், எம்எஸ்ஜிசிடிஎக்ஸ்டின்னு சூழல் குறிப்பு போட கெட்டெக்ஸ்ட்ல வசதி இருக்கு, அதை பயன்படுத்தச் சொல்லுங்க.

டேட்டாபேஸ் பக்கம் சொந்தமா டேபிள் வச்சிருந்தா தலைப்பு_தமிழ், தலைப்பு_இங்கிலீஷ்னு மொழிக்கு ஒரு நெடுவரிசையா அடுக்காம மொழிபெயர்ப்புக்கு தனி டேபிள் போடுங்க, பொருள் ஐடியும் மொழியும் சேர்ந்து யூனிக், அதாவது அதே ஜோடி ரெண்டு தடவை வரக் கூடாது. அதுல மூல வாக்கியத்தோட ஹேஷையும் (வாக்கியத்துலேர்ந்து கணக்கு பண்ணி எடுக்கற சின்ன குறியீடு) வைங்க, மூலம் மாறினா ஹேஷ் ஒத்துப்போகாது, எந்த மொழிபெயர்ப்பு பழசாயிடுச்சுன்னு ஒரே க்வெரியில தெரிஞ்சிடும், விலை விதிமுறை மாதிரி பக்கத்துல இது ரொம்ப முக்கியம். டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல்னா எழுத்து வகையா யுடிஎஃப்8எம்பி4 வைங்க. தமிழ் தப்பா தெரியறப்போ விசித்திரமான ஐரோப்பிய எழுத்தா வந்தா பெரும்பாலும் மீட்டுடலாம், டேட்டாபேஸ்குள்ளயே வெறும் கேள்விக்குறியா இருந்தா எழுத்து போச்சு, பேக்கப்தான் வழி.

இப்ப போன வாரம் போனது. பிளகினோட சொந்த ஃபோல்டர்ல வச்சிருந்தீங்கன்னா அப்டேட்ல அந்த ஃபோல்டரையே அழிச்சிட்டு புதுசா வைக்கும், லாங்குவேஜஸ் உள்ள பிளகின்ஸ் ஃபோல்டர்ல வச்சிருந்தாலும் மொழி அப்டேட் மேல எழுதிடும். லோகோ டிரான்ஸ்லேட்ங்கற மொழிபெயர்ப்பு பிளகின்ல கஸ்டம்னு ஒரு இடம் இருக்கு, அதை அப்டேட் தொடாது. உங்க பி.ஓ. எல்லாத்தையும் அங்க வைங்க, கிட்லயும் (ஃபைலோட ஒவ்வொரு மாத்தத்தையும் பதிவு பண்ணி வைக்கற கருவி) போடுங்க. பழைய பேக்கப்ல பி.ஓ. இல்லாம எம்.ஓ. மட்டும் கிடைச்சாலும் கவலைப்படாதீங்க, கெட்டெக்ஸ்ட்ல இருக்கற எம்எஸ்ஜிஅன்எஃப்எம்டி கட்டளை அதுலேர்ந்து பி.ஓ.வை திரும்ப எடுத்துக் கொடுக்கும், மொழிபெயர்ப்பாளர் எழுதின குறிப்புகள் வராது, மொழிபெயர்ப்பு வந்துடும். அதை புது பிளகினோட பாட் ஃபைலோட (மூல வாக்கியம் மட்டும் இருக்கற ஃபைல்) எம்எஸ்ஜிமெர்ஜ் கட்டளையால சேர்த்து, ஃபஸ்ஸி விழுந்ததை மட்டும் கண்ணால பார்த்து சரி பண்ணிட்டு கம்பைல் பண்ணுங்க.