சுவிட்சுக்கு எர்த் தனியா வேணுமா?

கேள்வி: பேனல்ல 24 வோல்ட் டிசி இண்டஸ்ட்ரியல் நெட்வொர்க் சுவிட்ச் மாட்டிருக்கேன், அதை கிளிப் பண்ணி மாட்டற பட்டை, அதான் டின் ரெயில், அதுவே இரும்புதானே, தனியா எர்த் வயர் எதுக்கு?

பதில்: கண்டிப்பா வேணும்ங்க. கிளிப்பை மட்டும் நம்பாதீங்க, நடுவுல துரு வந்தாலே காண்டாக்ட் போச்சு. முதல்ல சப்ளைய ஆஃப் பண்ணி மீட்டர் வச்சு பாத்துடுங்க, அப்புறம் பாடியில இருக்கற எர்த் ஸ்க்ரூல ரிங் லக் (வயர் நுனியில அழுத்தி மாட்டற உலோக வளையம்) போட்ட பச்சை-மஞ்சள் வயர், தடிமனா, முடிஞ்சவரை குட்டையா, நேரா எர்த் பாருக்கு (எர்த் வயரெல்லாம் சேர்ற உலோகப் பட்டை) போகணும். மிச்ச வயரை அழகா சுருட்டி வைக்கறாங்க பாருங்க, அது வேண்டாம், சர்ஜ் (திடீர்னு வோல்டேஜ் எகிறறது) வர்றப்ப அந்த சுருளே தடையா நிக்கும். எர்த் பாருக்கு பதிலா பேனல் பிளேட்லதான் போடுறீங்கன்னா பெயின்ட சுரண்டிடுங்க, பளபளன்னு உலோகம் தெரியணும். இதெல்லாம் முடிச்சப்புறம்தான் பிளஸ், மைனஸ். பல இழை வயர்னா ஃபெர்ரூல் (இழைகளை சேர்த்துப் பிடிக்கற சின்ன உலோகக் குழாய்) போடுங்க, ஒத்த இழை நீட்டிக்கிட்டு பக்கத்து டெர்மினல தொட்டாலும் ஷார்ட்தான்.