பாவாவின் படம் எந்த வட்டில் இருக்கிறது?

அன்புள்ள ஐயா,

இத்தாலிய இயக்குநர் மரியோ பாவாவின் ‘பிளாக் சபாத்’ படத்தை நீங்கள் ஓரிடத்தில் புகழ்ந்திருந்ததால் தேடிப் பார்த்தேன். என்னிடம் இருப்பது 2007இல் அமெரிக்காவில் வெளிவந்த டிவிடி. இத்தாலிய மொழி, ஆங்கில சப்டைட்டில். பேய்ப்பட நடிகர் போரிஸ் கார்லாஃப் வாயைத் திறந்தால் வேறு யாரோ பேசுகிறார்கள். கார்லாஃப் குரல் இல்லாமல் எதற்குக் கார்லாஃப்? அவர் குரல் ஆங்கிலப் பிரதியில்தான் இருக்கிறது, ஆகவே அதுதான் அசல் என்கிறார் நண்பர். ப்ளூரே வட்டுகளின் காட்சிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தும் பார்த்தேன். ஒன்றில் பச்சையும் ஊதாவும் அள்ளிக் கொட்டியிருக்கிறது. மற்றதில் நிறங்கள் அடக்கமாக, இயல்பாக இருக்கின்றன. எனக்கு இரண்டாவதுதான் சரியாகத் தோன்றுகிறது. எதை வாங்கலாம்? அல்லது டிவிடியே போதுமா?

எஸ்., திருநெல்வேலி

அன்புள்ள எஸ்.,

நீங்கள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது ஒரே படத்தின் இரண்டு வட்டுகளை அல்ல, இரண்டு படங்களை. இதைத் தெளிவாக்கிக்கொள்ளாமல் எது துல்லியம், எது தெளிவு என்று பேசுவதில் பயனில்லை.

1963இல் பாவா இத்தாலியில் எடுத்த படத்தின் பெயர் ‘இ ட்ரே வோல்ட்டி டெல்லா பவுரா’, அச்சத்தின் மூன்று முகங்கள். மூன்று தனிக் கதைகள். தயாரிப்பில் அமெரிக்காவின் ‘அமெரிக்கன் இன்டர்நேஷனல் பிக்சர்ஸ்’ நிறுவனமும் பங்கு கொண்டிருந்தது. கார்லாஃபைக் கொண்டுவந்தவர்களும் அவர்கள்தான். அவர்கள் கணக்கு வேறு: சனிக்கிழமை மாலை திரையரங்குக்கு வரும் இளைஞர் கூட்டம். அதற்கேற்பக் கதைகளின் வரிசையை மாற்றினார்கள், ஒரு கதையையே திருத்தினார்கள், ரொபெர்ட்டோ நிகொலோசியின் இசையை எடுத்துவிட்டு லெஸ் பாக்ஸ்டரை இசையமைக்க வைத்தார்கள். 1964இல் ‘பிளாக் சபாத்’ என்ற பெயரில் அமெரிக்கத் திரைக்கு வந்தது அதுதான். இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் இசைக்குழு ஒன்று தன் பெயரை எடுத்துக்கொண்டதும் அந்த ஆங்கிலத் தலைப்பிலிருந்துதான்.

திருத்தங்களில் எனக்கு மன்னிக்க முடியாதது ‘தொலைபேசி’ கதைக்கு நேர்ந்தது. இத்தாலியப் பிரதியில் ரோஸி என்ற பெண்ணுக்கு இரவு முழுக்க மிரட்டல் அழைப்புகள் வருகின்றன. சிறையிலிருந்து தப்பிய ஃபிராங்க் என்பவன்தான் பேசுகிறான் என்று அவள் நம்புகிறாள். அவனைக் காட்டிக்கொடுத்தவள் அவள். துணைக்கு அவள் அழைக்கும் மேரி, ஒரு காலத்தில் அவளுடைய காதலி. பயம், காமம், பழைய மனக்கசப்பு எல்லாம் ஒரே அறைக்குள் நடமாடுகின்றன. பேய் கிடையாது. நிறத்தில் எடுக்கப்பட்ட முதல் ஜியாலோ, அதாவது இத்தாலியக் கொலை மர்மப் படம், என்று இதைச் சிலர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 1964இன் அமெரிக்காவுக்கு இரண்டு பெண்களின் உறவு ஆகாது. ஆகவே ஆங்கில வசனத்தில் மேரி வெறும் தோழியாகிவிட்டாள், ஃபிராங்க் செத்துப்போனவன் ஆகிவிட்டான். வெற்றுத்தாளில் எழுத்துகள் தாமாகவே தோன்றும் ஒரு துண்டுக் காட்சியையும் சேர்த்தார்கள். நடிகைகளின் முகத்தில் ஒரு கதை ஓடுகிறது, வாயிலிருந்து வேறொரு கதை வருகிறது. ரோஸியாக நடிக்கும் மிஷேல் மெர்சியேயின் கண்கள் எதற்கு அஞ்சுகின்றன என்பதே ஆங்கிலத்தில் புரியாது.

அடுத்தது வரிசை. பாவா ‘தொலைபேசி’, ‘வுர்துலாக்’, ‘நீர்த்துளி’ என்று வைத்தார். முதலில் மனிதன் தரும் பயம், பிறகு ஊர்க்கதைகளில் வரும் இரத்தக்காட்டேரி, கடைசியாகக் காரணமே சொல்ல முடியாத அச்சம். அமெரிக்கர்கள் ‘நீர்த்துளி’யை முதலில் தூக்கி வைத்தார்கள். ஆவிகளோடு பேசுபவளாக இருந்து இறந்துபோன ஒருத்தியின் விரலிலிருந்து மோதிரத்தைக் கழற்றிக்கொள்ளும் தாதியின் கதை அது. அந்தப் பிணத்தின் மெழுகு முகத்தைச் செய்தவர் பாவாவின் தந்தை எவ்ஜேனியோ பாவா. அந்த முகத்தை ஒருமுறை பார்த்தவருக்கு அதற்குப் பிறகு வரும் எதுவும் உறைக்காது. அதை முதல் கதையாக வைப்பவருக்குப் பயத்தைப் பற்றி என்ன தெரியும்?

நிறத்தில் உங்களோடு எனக்கு உடன்பாடில்லை. பாவா இயக்குநராகும் முன்பு பல ஆண்டுகள் ஒளிப்பதிவாளர். இந்தப் படத்தில் ஒளிப்பதிவாளராக உபால்டோ தெர்சானோவின் பெயர் இருந்தாலும், அந்த விளக்குகளின் போக்கு பாவாவுடையது. ‘நீர்த்துளி’யில் தாதியின் அறைக்குள் விட்டுவிட்டு அடிக்கும் பச்சை வெளிச்சத்தைப் பாருங்கள். கதை நடக்கும் காலத்து லண்டனில் அப்படி ஒரு விளக்கு தெருவில் இருந்திருக்க நியாயமில்லை. அதைப் பற்றி அவருக்குக் கவலையும் இல்லை. பச்சை, ஊதா, மறுபடி பச்சை என்று மாற மாற அறையில் எந்த மூலை எங்கே இருக்கிறது என்பதே நமக்குத் தடுமாறுகிறது. இத்தாலியப் பிரதிகள் டெக்னிகலரில் அச்சாயின, அமெரிக்கப் பிரதிகள் பாத்தேகலர் என்ற வேறொரு வண்ண முறையில். அங்கே அந்த வெளிச்சம் சமாதானம் அடைந்துவிட்டது. நீங்கள் அடக்கம், இயல்பு என்று சொல்வது அந்தச் சமாதானத்தைத்தான். வட்டைத் தயாரித்தவர்கள் நிறத்தைக் கூட்டிவிட்டார்கள் என்று சந்தேகப்படுவது மற்ற பல படங்களுக்குப் பொருந்தும். பாவாவிடம் அளவுக்கு மீறியதாகத் தெரிவதே பெரும்பாலும் அளவு.

இப்போது கார்லாஃப். இங்கேதான் உங்கள் நண்பர் பாதி சரி. அந்தக் காலத்து இத்தாலியப் படங்களில் படப்பிடிப்பின்போது பதிவான ஒலி திரைக்கு வருவது அபூர்வம். எல்லாம் பிறகு ஒலிப்பதிவுக் கூடத்தில் பேசப்பட்டவை. நடிகர்கள் ஆளுக்கொரு மொழியில் வாயசைப்பார்கள். இந்தப் படத்திலேயே மெர்சியே பிரெஞ்சுக்காரர், மார்க் டேமன் அமெரிக்கர், கார்லாஃப் ஆங்கிலேயர். ஆகவே இத்தாலிய ஒலிதான் அசல் ஒலி என்று யாராவது உங்களிடம் சத்தியம் செய்தால் நம்பாதீர்கள். கார்லாஃப் பேசி நடித்தது ஆங்கிலத்தில். அந்தக் குரல் ஆங்கிலப் பிரதியில் மட்டுமே இருக்கிறது. ‘வுர்துலாக்’ கதையில் அவர்தான் குடும்பத் தலைவர் கோர்கா. (ஏ.கே. டால்ஸ்டாயின் கதை. ‘போரும் அமைதியும்’ எழுதியவர் அல்லர், அவருடைய உறவினர்.) கொள்ளைக்காரனைக் கொல்லக் கிளம்பும்போது, ஐந்து நாளுக்குப் பிறகு நான் திரும்பி வந்தால் என்னைக் கொன்றுவிடுங்கள் என்று சொல்லிப் போனவர். கெடு முடியும் நேரத்தில் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார். பேரனைத் தூக்கிக் கொஞ்ச வேண்டும் என்கிறார், நாயைச் சுடச் சொல்கிறார். கார்லாஃபின் குரலில் வயதும் செல்லமும் இருக்கின்றன, அடியில் ஒரு பசியும் இருக்கிறது. இத்தாலியக் குரல் நடிகர் திறமையானவர்தான், ஆனால் அவர் குரலில் வருவது வெறும் கடுமை.

அதே கார்லாஃபை அமெரிக்கர்கள் ஒவ்வொரு கதைக்கும் முன்னால் வரவழைத்துப் பேசவும் வைத்தார்கள். ‘திரில்லர்’ தொலைக்காட்சித் தொடரில் அவர் செய்துகொண்டிருந்த வேலைதான் அது, மக்களுக்கும் பழக்கமானது. அதற்குப் பதிலாக அவர்கள் வெட்டியதைக் கேளுங்கள். இத்தாலியப் பிரதியின் முடிவில் கோர்கா குதிரையில் பாய்ந்து போகிறார். கேமரா பின்னால் நகர நகர அது பொம்மைக் குதிரை என்று தெரிகிறது. படப்பிடிப்புக் குழுவினர் மரக்கிளைகளைத் தூக்கிக்கொண்டு அவரைச் சுற்றிச் சுற்றி ஓடுகிறார்கள், காடு கடந்து போவது போல் தோன்றுவதற்காக. கார்லாஃபே சிரித்துக்கொண்டு விடைபெறுகிறார். இவ்வளவு நேரம் நம்மை நடுங்க வைத்தவர் தன் பெட்டியைத் திறந்து காட்டிவிடுகிறார். அமெரிக்கர்களுக்கு இது கேலியாகப் பட்டது, நீக்கிவிட்டார்கள்.

வாங்குவதைப் பற்றிக் கேட்டீர்கள். 2013இல் இங்கிலாந்தில் ஆரோ நிறுவனம் வெளியிட்ட ப்ளூரே வட்டில் இரண்டு பிரதிகளும் உள்ளன. பாவாவின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய டிம் லூகாஸின் உரையும், இரண்டு பிரதிகளையும் ஒப்பிடும் ஒரு குறும்படமும் உண்டு. கிடைத்தால் அதை வாங்குங்கள். அமெரிக்காவில் கினோ லார்பர் நிறுவனம் 2013இல் இத்தாலியப் பிரதியையும் 2015இல் ஆங்கிலப் பிரதியையும் தனித்தனியாகப் போட்டது, இரண்டுக்கும் சேர்த்துச் செலவழிக்க வேண்டும். ஒரு தொல்லை: ப்ளூரே பிராந்தியப் பிரிவில் இந்தியா சி, இங்கிலாந்து பி, அமெரிக்கா ஏ. பிராந்தியப் பூட்டு நீக்கிய பிளேயர் இல்லாவிட்டால் பார்சலைப் பிரித்த கையோடு ஏமாற்றம்தான். பணம் அனுப்பும் முன் பிளேயரைச் சரிபாருங்கள்.

உங்கள் டிவிடியை ஒதுக்க வேண்டியதில்லை. அதில் இருப்பது பாவாவின் படம்தான், வரிசை சரி, இசை சரி, பொம்மைக் குதிரையும் இருக்கிறது. ப்ளூரேயில் கூடுதலாகக் கிடைப்பது இருட்டுக்குள் இருக்கும் விவரங்கள். பாவாவிடம் இருட்டு அதிகம் என்பதால் அது சிறிய லாபம் அல்ல. ப்ளூரேயில் படச்சுருளின் மணிமணியான துகள்கள் தெரிவதைக் குறை என்று நினைத்துவிடாதீர்கள். அவற்றை வழித்தெடுத்த வட்டுகளில் முகங்கள் மெழுகாகிவிடுகின்றன, மெழுகு முகம் பிணத்துக்கு மட்டும் இருந்தால் போதும்.

முழுப் படத்தையும் இத்தாலியப் பிரதியில், கடைசிக் குதிரை வரை பாருங்கள். வேறொரு நாளில் ஆங்கிலப் பிரதியைப் போட்டு, நேராகக் கடைசிக் கதையான ‘வுர்துலாக்’குக்குப் போய்விடுங்கள். பாக்ஸ்டரின் இசையைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும், எந்த இடத்திலும் வாயை மூட மாட்டார். கார்லாஃப் பேசத் தொடங்கியதும் ஒலியைக் கூட்டிக்கொள்ளுங்கள். ‘தொலைபேசி’யின் ஆங்கில வடிவத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்று நண்பர் பிடிவாதம் பிடித்தால் அவரைத் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள்.