அரசாங்கம் ஐடி வேலையை வெளியாரிடம் விட்டபின் சுயேச்சை ஆய்வு நடத்துவதால் ஏதாவது பயன் உண்டா?

உண்டு. ஆனால் ஆய்வில் சொன்ன குறையைச் சரிசெய்தார்களா என்று பிறகு போய்ப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். சிங்கப்பூரில் வெண்டர் பக்கம், அதாவது அரசுக்கு ஐடி வேலை செய்து தரும் கம்பெனியில், வேலை பார்ப்பவன் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

சிங்ஹெல்த் என்ற பொது மருத்துவமனைக் குழுமத்தில் 2018இல் நடந்த தகவல் திருட்டு இங்கே யாருக்கும் மறந்திருக்காது. ஏறத்தாழ 1.5 மில்லியன் நோயாளிகளின் பெயர், அடையாள அட்டை எண், முகவரி எல்லாம் திருடு போயின. சுமார் 160,000 பேருக்கு மருந்து விவரமும் சேர்ந்து போனது. அவர்களில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கும் ஒருவர். சிங்ஹெல்த்துக்கு ஐடி வேலையைப் பார்த்தது ஐஎச்ஐஎஸ், இன்றைய சினாப்ஸ். வெளியார் கம்பெனி இல்லைதான், பொதுச் சுகாதாரத் துறைக்கே சொந்தமானது. இருந்தாலும் ஒருவர் வேலை கொடுக்க, இன்னொருவர் செய்து தரும் ஏற்பாடுதானே.

முன்னாள் நீதிபதி ரிச்சர்ட் மேக்னஸ் தலைமையிலான விசாரணைக் குழுவின் அறிக்கை 2019 ஜனவரியில் வந்தது. 16 பரிந்துரைகள். பலரும் ஹேக்கர்களின் திறமையைப் பற்றியே பேசினார்கள். எனக்கு உறைத்தது வேறு. தாக்குதலுக்கு முன்பே உள்தணிக்கை கணினி அமைப்பின் ஓட்டைகள் பலவற்றைக் கண்டுபிடித்துச் சொல்லியிருந்தது! திருத்தும் வேலைதான் அரைகுறையாக நின்றுபோனது. இன்னொன்று, சிங்ஹெல்த்தின் தலைமைத் தகவல் அதிகாரியே ஐஎச்ஐஎஸ் ஊழியர். தன் பரீட்சைத் தாளைத் தானே திருத்துவது மாதிரி.

2019 மார்ச்சில் இன்னொரு அடி. ரத்த தானம் செய்த 800,000-க்கும் மேற்பட்டோரின் விவரங்களை ஒரு வெண்டர் பாதுகாப்பில்லாத சர்வரில் வைத்திருந்தது தெரியவந்தது. அதே மாதக் கடைசியில் அப்போதைய துணைப் பிரதமர் டியோ சீ ஹியன் தலைமையில் ஒரு குழு அமைத்து, 94 அரசு அமைப்புகளில் 336 கணினி அமைப்புகளைச் சோதித்தார்கள். தனியார் துறை நிபுணர்களும் இருந்தார்கள். ஆனாலும் அமைச்சரே தலைவர் என்றால் அதைச் சுயேச்சை என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்தப் பெயர் அரசு அமைப்புகளைத் தணிக்கை செய்யும் தலைமைக் கணக்காய்வாளருக்குத்தான் பொருந்தும். அவர் அறிக்கை அதிபருக்குப் போகிறது, நாடாளுமன்றத்துக்கு வருகிறது, நாமும் படிக்கலாம். படிக்க அலுப்பாக இருக்கும், அது வேறு விஷயம். நிர்வாகி அளவு அதிகாரமுள்ள அக்கவுண்ட்டில் யார் என்ன செய்தார்கள் என்று யாரும் பார்க்கவில்லை என்ற குறை அதில் திரும்பத் திரும்ப வரும்.

சரி, எங்கள் பக்கம் என்ன நடக்கிறது? ஆடிட் குறைகள் ஒரு எக்செல் பட்டியலாக வரும். 'முடிந்தது' என்று போட்டு ஒரு ஸ்கிரீன்ஷாட் ஒட்டினால் பல இடங்களில் கதை முடிந்தது. ஒரே ஒரு புராஜெக்ட்டில் மட்டும் அரசுத் தரப்பில் ஓர் அம்மா இருந்தார். "மூடிவிட்டதாகச் சொன்ன அந்தப் பழைய அக்கவுண்ட்டில் இப்போது என் முன்னால் லாகின் செய்து காட்டுங்கள், உள்ளே போகக்கூடாதே?" என்பார். அவர் மீட்டிங் என்றாலே எங்கள் டீமுக்கு எரிச்சல். அடுத்த ஆடிட்டில் பழைய குறை எதுவும் திரும்ப வராதது அந்த ஒரு புராஜெக்ட்டில்தான்.