புத்தாண்டு பிறக்கிறது. இந்த ஆண்டு பெரிய போர் ஏதும் வருமா? உங்கள் கணிப்பு என்ன?

கணிப்புச் சொல்ல மாட்டேன். ஒருமுறை சொல்லிவிட்டு அக்காவின் முகத்தைப் பார்க்க முடியாமல் தவித்தவன் நான். இப்படிக் கேட்கிறீர்கள் என்றால் உங்கள் வீட்டிலும் யாரோ வெளிநாட்டில் இருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

2022 ஜனவரி 1. அக்கா மகன் அப்போது உக்ரைனில், கார்கிவ் நகரில் நான்காம் ஆண்டு மருத்துவம் படித்துக்கொண்டிருந்தான். அங்கிருந்து ரஷ்ய எல்லை சுமார் 40 கிலோமீட்டர்தான். எல்லையில் 1 லட்சம் துருப்புகள் குவிந்திருப்பதாகச் செய்தி.

"தம்பி, நீதான் தினமும் நாலு பேப்பர் படிக்கிறாய். பிள்ளையை வரச் சொல்லிவிடவா?" என்றார் அக்கா.

"வேண்டாம் அக்கா, புதின் மிரட்டிப் பார்க்கிறார். ஜெர்மனிக்கு எரிவாயு கொண்டுபோக நார்ட் ஸ்ட்ரீம் 2 குழாயை இப்போதுதான் போட்டு முடித்திருக்கிறார்கள். அவ்வளவு பணத்தையும் கடலில் விடுவாரா?" என்றேன்.

அமெரிக்கா முன்பே எச்சரித்ததே என்பீர்கள். உண்மைதான். ஆனால் ஈராக்கில் இல்லாத பேரழிவு ஆயுதங்களை இருக்கின்றன என்று 2003இல் அடித்துச் சொன்னதும் அதே அமெரிக்காதான். நம்பாமல் போனதை நான் குற்றமாக நினைக்கவில்லை. என் குற்றம் வேறு. காயம்படுவோருக்கு ஏற்ற எல்லைக்கு அருகே ரத்தம்கூட ரஷ்யர்கள் கொண்டுவந்து வைக்கிறார்கள் என்று ஜனவரி கடைசியில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் சொன்னது. அதையும் படித்தேன். ரஷ்யா சொல்வதுபோல வெறும் போர்ப் பயிற்சி என்றால் எதற்கு ரத்தம் என்று யோசிக்கவில்லை. புதினுக்கு எது லாபம் என்றே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

மாணவர்கள் தற்காலிகமாக வெளியேறலாம் என்று பிப்ரவரி 15 அன்று நம் தூதரகம் சொன்னது. டிக்கெட் விலை ஏறிக் கிடந்தது. "இன்னும் பத்து நாள் பார்க்கலாம்" என்றேன். ஒன்பதாம் நாள், 24ஆம் தேதி விடியும்போது குண்டு விழுந்தது.

பிள்ளை மெட்ரோ நிலையத்தின் தரையில் படுத்துக்கிடந்தான். மார்ச் 1 அன்று அதே நகரில் கர்நாடக மாணவர் ஒருவர் கொல்லப்பட்டார். பெயர் தெரியும்வரை அக்கா பூஜை அறையை விட்டு எழவில்லை. பெயர் தெரிந்த பிறகும் அழுதார், அந்தத் தாயை நினைத்து. மறுநாள், வண்டி கிடைக்காவிட்டால் நடந்தாவது கார்கிவைவிட்டு வெளியேறுங்கள் என்று தூதரகம் அறிவித்தது. நகருக்கு வெளியே இருக்கும் பிசோச்சின் என்ற ஊர் வரை பிள்ளை நடந்தே போனான். ஊர் வந்து சேர்ந்தபோது காலணிக்குள் சாக்ஸ் ரத்தத்தோடு ஒட்டியிருந்தது.

இதையும் சொல்லிவிடுகிறேன். "இங்கே இடம் கிடைக்காதவன்தானே அங்கே போனான், எதற்கு அரசுச் செலவில் விமானம்?" என்று எங்கள் தெருவிலேயே பேசினார்கள். தனியார் கல்லூரிக் கட்டணம் கட்ட வழியில்லாமல் நிலத்தை அடகு வைத்து அனுப்பிய வீடு அது. அந்தப் பேச்சை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அக்கா மட்டும் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை.

உங்கள் பிள்ளை எந்த நாட்டில் இருந்தாலும் திரும்பி வரும் டிக்கெட்டுக்கான பணத்தை இன்றே தனியாக எடுத்து வையுங்கள். தூதரகத்தில் பெயரைப் பதியச் சொல்லுங்கள். "வெளியேறலாம்" என்று அவர்கள் சொல்லும் அன்றே கிளம்பச் சொல்லுங்கள். போர் வராமல் டிக்கெட் வீணானால் வீணாகட்டும். என்னைப் போல நாலு பேப்பர் படிக்கும் மாமா யாராவது வீட்டில் இருந்தால், அவரிடம் கேட்காதீர்கள்.