எச்1பி-ல இருந்துக்கிட்டு பைலட் லைசன்ஸ் எடுக்கலாமா?

தம்பி, எச்1பி வேலை விசால அமெரிக்கா வந்து கொஞ்ச நாள்தான் ஆச்சு, பிரைவேட் பைலட் லைசன்ஸ் (சொந்தமா சின்ன விமானம் ஓட்டறதுக்கு) எடுக்கலாமா, ரொம்ப கஷ்டமான்னு கேட்டிருந்தீங்க. தாராளமா எடுக்கலாம், நானும் வேலை பாத்துக்கிட்டேதான் எடுத்தேன். ஆனா ஸ்கூல்ல மொத்தமா காசு கட்றதுக்கு முன்னாடி ரெண்டு விஷயத்த முடிச்சிருங்க. ஒண்ணு டிஎஸ்ஏ (அமெரிக்க போக்குவரத்துப் பாதுகாப்புத் துறை) கிளியரன்ஸ், சிட்டிசன் இல்லாதவங்களுக்கு கிரீன் கார்டு இருந்தாலும் இது வேணும், கைரேகை எல்லாம் குடுத்து அவங்க ஓகே சொன்னப்புறம்தான் ட்ரெயினிங் தொடங்க முடியும் (பிடிக்குதான்னு பாக்க சும்மா ஒரு தடவை இன்ஸ்ட்ரக்டரோட பறக்கற டிஸ்கவரி ஃப்ளைட்டுக்கு இது தேவையில்ல). இன்னொண்ணு தேர்ட் கிளாஸ் மெடிக்கல், அதாவது பைலட்டுக்கான உடல் தகுதி சர்டிஃபிகேட். டிப்ரஷனுக்கோ ஏடிஎச்டிக்கோ (கவனச்சிதறல் பிரச்சனை) மாத்திரை எடுத்திருந்தா ஃபைல் எஃப்ஏஏகிட்ட (அமெரிக்க விமானத் துறை) போய் மாசக்கணக்குல நிக்கலாம், அதுக்காக மறைச்சிராதீங்க, அது பெரிய வம்பு, ஃபார்ம் போடறதுக்கு முன்னாடியே ஏவியேஷன் மெடிக்கல் டாக்டர்கிட்ட பேசிருங்க.

சட்டப்படி குறைஞ்சது 40 மணி நேரம் பறக்கணும், அதுல குறைஞ்சது 20 இன்ஸ்ட்ரக்டரோட, 10 தனியா. 40-லயே முடிக்கிறவங்க கம்மி, 60, 70 ஆகும்னு வச்சே பணத்த ரெடி பண்ணுங்க. பாதியில காசு தீந்து ரெண்டு மாசம் விட்டீங்கன்னா கை மறந்துரும், திரும்ப அதே பாடத்துக்கே காசு. வாரத்துக்கு ரெண்டு தடவையாவது பறக்கணும்.

எழுத்துப் பரீட்சை 60 கேள்வி, படிச்சா பாஸ். நம்மாளுங்க மெரள்றது ரேடியோவுக்குத்தான். ஏர்போர்ட் கன்ட்ரோல் டவர்ல கடகடன்னு பேசுவாங்க, முதல் தடவை ரேடியோல கூப்பிடும்போதே "ஸ்டூடன்ட் பைலட்"னு சொல்லிருங்க, நிதானமா பேசுவாங்க. புரியலன்னா "சே அகெய்ன்"னு (திரும்பச் சொல்லுங்க) கேளுங்க, புரிஞ்ச மாதிரி தலையாட்றது இங்க ஆகவே ஆகாது, "ஹோல்ட் ஷார்ட்"னு (ரன்வேக்கு முன்னாடியே நில்லுங்க) சொன்னத சரியா வாங்காம ரன்வேக்குள்ள போயிட்டா அங்க ஒருத்தர் இறங்கிட்டிருப்பாரு. உங்க ஆக்சென்ட் ஒரு பிரச்சனையே இல்ல, பேச்சு எப்பவும் ஒரே வரிசைதான், யாரு, எங்க இருக்கீங்க, என்ன வேணும். டவர் பேச்ச நேரடியா கேக்கற லைவ்ஏடிசி வெப்சைட்ட கேட்டுக் கேட்டு பழகுங்க.

லேண்டிங்தான் எனக்கு ரொம்ப நாள் பிடிபடல, அநேகமா எல்லாருக்கும் அப்படித்தான். செஸ்னா 172-ல (பயிற்சிக்கு ஓட்டற சின்ன விமானம்) ஒரு 65 நாட் (மணிக்கு 120 கிலோமீட்டர்) ஸ்பீடுல வர்றீங்க, தரை எழும்பி வர்ற மாதிரி இருக்கும், கண்ணு தானா விமானத்தோட மூக்குக்கு நேரா கீழ போகும், அங்க பாத்தா உயரம் தெரியாது, ஒண்ணு மேலயே இழுத்துருவீங்க இல்ல தொப்புனு விழும். அந்த நேரம் பார்வைய ரன்வேயோட கடைசிக்கு கொண்டு போங்க, யோக்க (விமானத்தோட ஸ்டியரிங்) மெல்ல மெல்ல இழுத்துக்கிட்டே இருங்க. சரியா வரலன்னா பவர் குடுத்து கோ அரவுண்ட் போயிருங்க (இறங்காம மேல ஏறி, சுத்தி வந்து திரும்ப இறங்கறது), அதுல வெக்கப்பட ஒண்ணுமே இல்ல தம்பி, இன்ஸ்ட்ரக்டர் சந்தோஷம்தான் படுவாரு.

எந்த ஸ்டேட்ல இருக்கீங்கன்னு சொல்லுங்க, ஸ்கூல்ல சேர்றதுக்கு முன்னாடி என்னென்ன கேக்கணும்னு எழுதறேன்.